தூணுக்குத் தேதி தெரியுமா?

கம்ப்யூட்டரில் வரைந்த கட்டட மாடலை முதல்முறை சுற்றிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் அசந்துதான் போவார்கள். மவுஸை உருட்டினால் கட்டடமே திரும்புகிறது. ஒரு தூணைக் கிளிக் செய்தால் அகலம், உயரம், கான்கிரீட் கிரேடு, எந்தத் தளம், எத்தனை கன மீட்டர் என்று ஜாதகமே வந்து விழுகிறது. ஆனால் அந்தத் தூணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், திருதிருவென்று விழிக்கும்.

"உன்னை எந்த வாரம் கட்டப் போகிறார்கள்?"

பதில் வராது. ஜாதகத்தில் பிறந்த தேதியே இல்லை!

(சைட்டில் தூணுக்கே 'காலம்' என்றுதான் பெயர். காலம் பாக்ஸ், காலம் கம்பி என்பார்கள். பெயரிலேயே காலத்தை வைத்துக்கொண்டு காலம் தெரியாமல் நிற்கிறது, பாவம் :-) )

இது மென்பொருளின் குறை அல்ல. மாடலை வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர். இருவரும் ஒரே கட்டடத்தைப் பார்த்தாலும் இருவர் கண்ணிலும் படுவது ஒன்றல்ல. வரைபவருக்கு மூன்றாம் தளத்தின் ஸ்லாப் என்பது ஒரே பொருள். ஒரு முறை வரைந்தால் முடிந்தது. சைட்டில் அதே ஸ்லாப்பை ஒரே நாளில் போட முடியாது. ஆள் வேண்டும், பம்ப் வேண்டும், சென்ட்ரிங் பலகை வேண்டும். அதனால் ஜாயின்ட் எங்கே விடுவது என்று பார்த்து, அதை மூன்று பாகமாகப் பிரித்து, மூன்று வெவ்வேறு நாட்களில் கான்கிரீட் போடுவார்கள். வரைபவர் தூணைத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே கோடாக இழுத்துவிடலாம். மேஸ்திரியோ அதைத் தளம் தளமாகத்தான் எழுப்ப முடியும். ஒரே மாதிரியான இரண்டு சுவர்களில் ஒன்றை மட்டும் கடைசிவரை கட்டாமல் விடுவார்கள். ஏன்? ஜெனரேட்டரை உள்ளே கொண்டுபோக வழி வேண்டுமே!

இந்தச் சமாசாரங்கள் எதுவும் வரைபடத்தில் இருக்காது. திட்டமிடும் இன்ஜினியரின் தலைக்குள்தான் இருக்கும்.

ரொம்ப காலம் அப்படித்தான் ஓடியது. 1950-களின் கடைசியில் டுபான்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களின் ஆட்கள் சேர்ந்து கிரிட்டிக்கல் பாத் முறையை உருவாக்கினார்கள். 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் முறை வந்தது. வேலைகளை வரிசைப்படுத்த நல்ல கருவிகள் கிடைத்தன. ஆனால் வேலை அட்டவணை ஒரு சுவரில், வரைபடம் ஒரு மேஜையில். இரண்டையும் இணைப்பது மனித மூளையின் பொறுப்பு. 1990-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட சிலர் முப்பரிமாண மாடலையும் அட்டவணையையும் கம்ப்யூட்டரிலேயே கோத்துப் பார்த்தார்கள். நீளம், அகலம், உயரத்தோடு நேரமும் சேர்ந்ததால் அதற்கு 4டி என்று பெயர் வந்தது. 2003-ல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்னி கான்சர்ட் ஹால், கட்டும்போதே இந்த முறையைப் பயன்படுத்திய முன்னோடிக் கட்டடங்களில் ஒன்று.

4டி வீடியோவைப் பார்க்க ஜோராக இருக்கும். கட்டடம் தானாக முளைத்து வளரும். ஆனால் அந்த வீடியோவுக்குப் பின்னால் ஒரு சாதாரண வேலை இருக்கிறது. மாடலில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அட்டவணையில் எந்த வேலைக்குச் சொந்தம் என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வழிதான் குறிச்சொல். டேக் என்று இங்கிலீஷில் சொல்வது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரெவிட்டில் டேக் என்றாலே வரைபடத்தில் கதவுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு எழுதும் எண் ஞாபகம் வரும். இங்கே சொல்வது அதை அல்ல. பொருளின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், ஆட்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொள்ளும் தகவல் ஃபீல்டை. ரெவிட் அதைப் பாராமீட்டர் என்கிறது. வேறு மென்பொருள்கள் வேறு பெயர் சொல்லும். விஷயம் ஒன்றுதான்.

மென்பொருளில் ஏற்கெனவே சுவர், தூண், தளம், கதவு என்று வகைகள் இருக்கின்றனவே, அவை போதாதா? போதாது. ரெவிட்டில் அந்த வகைகள் தயாரித்தவர்களே நிர்ணயித்தவை. பயன்படுத்துபவர் புதிதாக ஒரு வகையைச் சேர்க்க முடியாது. உள்வகை மட்டும்தான் சேர்க்கலாம். 'ஃபேஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது பழைய கட்டடத்தில் எது இருந்தது, எதை இடிக்கிறார்கள், எது புதிது என்று காட்டப் பிறந்தது. அதைப் பிடித்து இழுத்து "செவ்வாய்க்கிழமை ஸ்லாப்", "வியாழக்கிழமை ஸ்லாப்" என்று ஆக்கினால், ஒரு மாதத்தில் மாடலைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

ஆக, சொந்தக் குறிச்சொல் வேண்டும். எப்படி?

உதாரணத்துக்கு 12 தளக் கட்டடம் ஒன்று. ஒவ்வொரு தளமும் 3 பாகம். ஒவ்வொரு பாகத்திலும் 2 வேலை: தூண்கள் ஒன்று, பீமும் ஸ்லாப்பும் சேர்ந்து இன்னொன்று. மொத்தம் 72 வேலைகள். தளத்துக்கு 36 தூண் என்றால் தூண் மட்டும் 432. இவற்றை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து அட்டவணையோடு இணைக்கலாம்தான். இரண்டு நாள் பொறுமை இருந்தால் முடிந்துவிடும். மூன்றாம் நாள் காலை ஆர்க்கிடெக்ட் திருத்திய மாடலை அனுப்புவார். அப்புறம்? மறுபடி முதலிலிருந்து.

குறிச்சொல் போடுபவர் வேறு மாதிரி போவார். முதலில் மாடலைச் சைட் பார்க்கும் விதத்தில் வெட்டுவார். தூண்கள் தளம் தளமாக, ஸ்லாப் பாகம் பாகமாக. வெட்டாத ஸ்லாப்புக்கு எத்தனை குறிச்சொல் ஒட்டினாலும் அது ஒரே நாளில்தான் முளைக்கும்! பிறகு பிளாக், தளம், பாகம், வேலை என்று நாலு ஃபீல்டுகள். எல்லாம் நிரம்பியதும் அவற்றைச் சேர்த்து ஒரு குறியீடு: ஏ-03-ஸ்லா-2. ஏ பிளாக், மூன்றாம் தளம், ஸ்லாப், இரண்டாம் பாகம். அதே குறியீட்டைப் பிரைமவேராவிலோ வேறு அட்டவணை மென்பொருளிலோ அந்த வேலைக்கும் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம் மென்பொருளே ஜோடி சேர்த்துவிடும். நேவிஸ்வொர்க்ஸில் டைம்லைனர் என்று ஒரு பகுதி உண்டு. வேலையின் பெயரும் மாடலில் இருக்கும் தொகுப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால் தானாக இணைக்கும் விதி அதில் இருக்கிறது. அங்கேயே இன்னொரு நுணுக்கம். கையால் தேர்ந்தெடுத்த பொருட்களை அப்படியே சேமிப்பது ஒரு வகை. "குறியீடு ஏ-03-ஸ்லா-2 ஆக உள்ள எல்லாம்" என்று தேடலைச் சேமிப்பது இன்னொரு வகை. முதலாவது கல்யாண வீட்டில் பெயர் பெயராக எழுதிய பந்தி லிஸ்ட். இரண்டாவது "மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும்" என்று சொல்வது. கடைசி நேரத்தில் இரண்டு பேர் கூடுதலாக வந்தாலும் இரண்டாவதில் இலை கிடைத்துவிடும்.

இவ்வளவு சுலபமா என்றால், இல்லை.

மென்பொருளுக்குக் குத்துமதிப்பு தெரியாது. ஒருவர் கான்கிரீட் என்று எழுதுகிறார், இன்னொருவர் கான்க்ரீட், மூன்றாமவர் காங்கிரீட். மனிதனுக்கு மூன்றும் ஒன்று. தேடலுக்கு மூன்று வெவ்வேறு பொருட்கள். தளம் 3 என்றும் தளம் 03 என்றும் கலந்து எழுதினாலும் இதே கதை. பூஜ்யம் போடாமல் விட்டால் வரிசைப்படுத்தும்போது 1-க்கு அடுத்து 10, 11, 12 வந்து, அதற்கப்புறம்தான் 2 வரும். மொட்டைமாடி முடிந்த பிறகு இரண்டாம் மாடி!

இன்னொரு பொறி காப்பி. மூன்றாம் தளத்தை அப்படியே நகலெடுத்து நான்காம் தளத்தில் வைத்தால் குறிச்சொல்லும் கூடவே வந்துவிடும். நான்காம் தளத்துத் தூண்கள் "நாங்கள் மூன்றாம் தளம்" என்று சாதிக்கும். 4டி வீடியோவில் மூன்றாம் தள வேலை நடக்கும்போதே நான்காம் தளத் தூண்கள் அந்தரத்தில் முளைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நேர்மாறும் உண்டு. ஒரு சுவரை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால், பார்வைக்கு அதே சுவர், உள்ளே குறிச்சொல் காலி. அட்டவணையில் அந்தச் சுவர் என்றைக்கும் கட்டப்படாது. அதனால் புது மாடல் வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டியல் எடுத்துப் பார்ப்பது நல்லது. குறிச்சொல் காலியாக உள்ளவை எவை? குறிச்சொல் சொல்லும் தளமும் பொருள் நிற்கும் தளமும் ஒத்துப்போகாதவை எவை? பத்து நிமிட வேலை. பல வாரத் தலைவலி மிச்சம்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஐஎஃப்சி கோப்பாக மாற்றும்போதும் கவனம் தேவை. சுவர், தூண் போன்ற பொதுவான தகவல்களுக்கு அதில் நிரந்தர இடம் உண்டு. சொந்தமாக உருவாக்கிய ஃபீல்டுகளையும் ஏற்றுமதி செய் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டடம் முழுசாகப் போய்ச் சேரும், குறிச்சொற்கள் வழியிலேயே இறங்கிவிடும்.

இங்கே ஒருவர் ஞாபகத்துக்கு வராமல் போகமாட்டார். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். புத்தகங்களை ஒரே மரத்தின் கிளைகளாக அடுக்கும் பழைய முறை அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் நெல்லைப் பற்றியும் நோயைப் பற்றியும் தஞ்சாவூரைப் பற்றியும் இருக்கலாம். அதை எந்தக் கிளையில் வைப்பது? 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாடு, ஒரு விஷயத்தை முகங்களாகப் பிரித்துக் கோத்தது. பின்னாளில் அந்த முகங்கள் ஐந்தாக வகுக்கப்பட்டன. முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான் இந்த யோசனை பிடிபட்டது என்று சொல்வார்கள். சின்னத் துண்டுகள் கொஞ்சம், அவற்றைப் பூட்டினால் எதை வேண்டுமானாலும் செய்யலாம்!

கட்டுமானக் குறிச்சொல்லை இந்த ஐந்தில் பொருத்திப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. ஸ்லாப் என்பது முதன்மைப் பொருள். கான்கிரீட் கிரேடு மூலப்பொருள். சென்ட்ரிங், கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது எல்லாம் செயல். பிளாக், தளம், பாகம் இடம். வாரம், தேதி காலம். முதல் இரண்டும் மாடலிலேயே இருக்கின்றன. இடம் பாதி இருக்கிறது. செயலும் காலமும் சுத்தமாக இல்லை. சொந்தக் குறிச்சொல் நிரப்ப வேண்டிய இடம் எது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐந்தையும் முதலிலேயே ஒரே நீளக் குறியீடாக எழுதிவிடாமல் தனித்தனி ஃபீல்டாக வைத்து, தேவைப்படும்போது கோத்துக்கொள்வதே நல்லது என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

தரமான வகைப்பாடுகள் ஏற்கெனவே உண்டுதான். அமெரிக்காவின் மாஸ்டர்ஃபார்மட் 16 பிரிவுகளோடு இருந்து 2004-ல் 50 பிரிவுகளாக விரிந்தது. அதில் கான்கிரீட் 03, கட்டுவேலை 04, உலோகம் 05. பிரிட்டனில் யூனிகிளாஸ். விலை போடவும் ஒப்பந்தம் எழுதவும் இவை அவசியம். ஆனால் 03 என்ற எண் "இது கான்கிரீட் வேலை" என்று சொல்லும். "இந்தக் கான்கிரீட் அடுத்த செவ்வாய்க்கிழமை" என்று சொல்லாது. தரக் குறியீடு உலகத்துக்கே பொது. குறிச்சொல் அந்த ஒரு சைட்டுக்கு மட்டும். இரண்டும் வேண்டும்.

அது சரி, ஒரு வீடியோ ஒழுங்காக ஓடுவதற்கா இத்தனை பாடு? வீடியோ மட்டும் என்றால் விட்டுவிடலாம். சென்ட்ரிங் பிரிக்கும் நாளை யோசித்துப் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456:2000, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பம், சரியான கியூரிங் இருந்தால் குறைந்தபட்சம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. தூண், சுவர்ப் பலகைக்கு 16 முதல் 24 மணி நேரம். ஸ்லாப்பின் முட்டுகளுக்கு, இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமின் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஒரே பாகத்தில், ஒரே நாளில், ஜூன் 1-ம் தேதி கான்கிரீட் போட்டிருந்தாலும் 4 மீட்டர் ஸ்லாப்புக்கு முட்டு எடுக்க ஜூன் 8 ஆகும், பக்கத்திலிருக்கும் 5 மீட்டர் ஸ்லாப்புக்கு ஜூன் 15. இடைவெளி மாடலுக்குத் தெரியும். போட்ட தேதி தெரியாது. தேதியைக் குறிச்சொல்லாகக் கொடுத்துவிட்டால் இன்றைக்கு எந்த முட்டைத் தொடக்கூடாது என்பதைத் திரையில் சிவப்பாகவே காட்டலாம்.

தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் கொடூரமான பதில் இருக்கிறது. 1978 ஏப்ரல் 27, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட். மின் நிலையம் ஒன்றின் குளிரூட்டும் கோபுரம் வளையம் வளையமாக எழும்பிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் நின்ற சாரம் கோபுரத்தின் கான்கிரீட்டிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. 28-வது வளையத்துக்கு முந்தைய நாள்தான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். மறுநாள் அடுத்த வளையத்துக்கான கான்கிரீட்டை மேலே தூக்கும்போது, சுமார் 50 மீட்டர் உயரத்தில் அந்தப் பச்சைக் கான்கிரீட் சாரத்தோடு உரிந்து விழுந்தது. 51 பேர் இறந்தார்கள். சுமையைத் தாங்கும் பலம் கான்கிரீட்டுக்கு வருவதற்கு முன்பே சுமை ஏற்றப்பட்டதே காரணம் என்று அரசின் விசாரணை சொன்னது.

குறிச்சொல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது அபத்தம். நேற்றுப் போட்ட கான்கிரீட் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பலம் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் கட்டாயம்தான் இல்லாமல் போனது. குறிச்சொல்லின் எல்லை எதுவென்று இதிலிருந்து புரிகிறது. திட்டமிட்ட தேதி ஒரு ஃபீல்டு. உண்மையில் கான்கிரீட் போட்ட தேதி வேறொரு ஃபீல்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் மழையால் நாலு நாள் தள்ளிப்போன ஸ்லாப்புக்கு, நாலு நாள் முன்னதாகவே முட்டு எடுக்கச் சொல்லும். சோதனையில் பலம் தேறியது என்பது மூன்றாவது ஃபீல்டு. அதை ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் நிரப்பக்கூடாது. சோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவர்தான் நிரப்ப வேண்டும். அதுவரை அது காலியாகவே இருக்கட்டும். காலி ஃபீல்டு "இன்னும் தெரியாது" என்று உண்மை பேசும். கணக்கு காட்டுவதற்காக நிரப்பிய ஃபீல்டு பொய் பேசும். அந்தப் பொய்யின் கீழே ஆட்கள் நின்று வேலை செய்வார்கள்.

ஆகவே எத்தனை குறிச்சொல் என்பது பெருமை இல்லை. நாற்பது ஃபீல்டுகளை உருவாக்கி முப்பதைக் காலியாக விட்ட மாடலைவிட, ஏழே ஃபீல்டுகள் நிரம்பிய மாடல் மேல். ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன் இரண்டு கேள்விகள் போதும். இதை யார் நிரப்புவார்? இதைப் பார்த்து யார், என்ன முடிவு எடுப்பார்? இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த ஃபீல்டு வேண்டாம்.

வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவது போல இந்தக் குறிச்சொற்களையும் அழித்துவிடுவார்கள் சிலர். அழிக்காமல் வைப்பதே நல்லது. ஐந்து வருடம் கழித்து மூன்றாம் தளத்தில் ஒரு விரிசல் தெரிந்தால் முதலில் கேட்பது, அது எந்த நாள் போட்ட கான்கிரீட், அன்றைக்கு எடுத்த கியூபின் 28 நாள் பலம் என்ன என்பதைத்தான். ஏ-03-ஸ்லா-2 என்ற அந்தச் சின்னக் குறியீடு கியூப் சோதனைப் பதிவேட்டிலும் இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய ஃபைல்களைத் தூசி தட்ட வேண்டியதுதான்.

கடைசி வருட பிராஜெக்டுக்கு 4டி மாடல் செய்யும் எண்ணம் இருப்பவர்கள், வீடியோவை விட்டுவிட்டு முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுக்கலாம். ஃபீல்டுகளின் பெயர், அதில் எழுதக்கூடிய சொற்கள், எழுத்துக்கூட்டல், நிரப்புபவர் யார். ஒரு பக்கம் போதும். குழுவில் இருக்கும் நாலு பேரும் அதற்கு ஒத்துக்கொண்ட பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் போதும்.